நாலாவது போல்ட்

சுவரோடு ஒட்டி மாட்டினால் போதும் என்பது
தணிகாசலத்தின் கட்சி.
சமையலறையில் நிற்பவள் நான்.
எனக்கு வேண்டியது
கூப்பிட்டால் திரும்புகிற டிவி.

ரிச்சி தெருவில்
மழைத்தண்ணீரைத் தாண்டித் தாண்டி
மூன்றாவது கடை.
பையன் விலையைச் சொல்லவில்லை, கேள்வி கேட்டான்:
"முதுகுல ஓட்டை எவ்ளோ தள்ளித் தள்ளி இருக்கு?"
தையல் டேப்பால் அளந்து
கேஸ் ரசீதின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
இருநூறுக்கு இருநூறு.
அதன்பிறகுதான் உட்கார ஸ்டூல் வந்தது.

ஒற்றைக் கை, இரட்டைக் கை.
ஒற்றைக்கு நானூறு ரூபாய் குறைவு.
என்ன வித்தியாசம் என்றேன்.
"உங்க பையை நெஞ்சோட சேத்துப் பிடிங்க.
இப்ப கையை நீட்டுங்க."
குடை, தண்ணீர் பாட்டில், அரைக் கிலோ கொத்தவரங்காய்.
இருபது எண்ணுவதற்குள்
தோள் முணுமுணுக்க ஆரம்பித்தது.
"அதே பைதான்கா.
பாரம் பையில இல்ல, நீட்டுறதுல."

இரட்டைக் கையே வாங்கினேன்.
பஸ்ஸில் அயனாவரம் வரும்வரை
யார் யாருக்கெல்லாம் கை நீட்டினேன் என்று
ஒரு கணக்கு ஓடியது.
நூர் ஹோட்டல் நிறுத்தத்தில் அதை விட்டுவிட்டு இறங்கினேன்.

ஞாயிறு காலை யாகூப் வந்தார்.
டாக்டர் முதுகைத் தட்டுவதுபோல்
சுவரைத் தட்டிக் கேட்டார்.
"நாலரை இஞ்ச்தான்மா. அந்தப் பக்கம் யாரு?"

அந்தப் பக்கம் ஜெபமணி.
மோட்டார் போடுவது யார் முறை என்பதில்
பதினான்கு மாதமாய்ப் பேச்சில்லை.
மாடிப்படியில் எதிர்ப்பட்டால்
இருவருக்கும் ஒரே நேரத்தில்
போனில் அவசரமாக ஏதாவது வந்துவிடும்.

பென்சில் கோடு. ரசமட்டம்.
குமிழி நடுவுக்கு வரும்வரை
தணிகாசலம்கூட மூச்சு விடவில்லை.
முதல் துளை, செங்கல் தூள்.
இரண்டாவது, மூன்றாவது, அதே சிவப்பு.
நாலாவதில் டிரில் சட்டென்று
வெண்ணெய்க்குள் போனதுபோல் போனது.
வெளியே இழுத்தால்
ஒரு நூல் வெளிச்சம்,
வஞ்சிரம் வறுக்கிற வாசனை,
"எவன்டா அது?"

யாகூப்புக்கு டீ குடிக்க வேண்டியிருந்தது.
தணிகாசலத்துக்குக் குளிக்க வேண்டியிருந்தது.
நான் போய்க் கதவைத் தட்டினேன்.

அவள் வீட்டு வசனக் காலண்டரில்
சரியாகப் பத்தொன்பதாம் தேதியில் ஓட்டை.
கையில் கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
திட்டுவாள் என்று
வரும் வழியிலேயே பதில் தயாரித்திருந்தேன்.
"எவ்ளோ வெயிட்டு?" என்றாள்.
"எட்டரை கிலோ."
"ஒத்தக் கையா?"
"ரெண்டு."
"அப்ப இந்தப் பக்கம் வாஷர் போட்டு
நட்டு மாட்டச் சொல்லு.
வெறும் பிளக்கு நிக்காது."
பெரம்பூர் கேரேஜ் பட்டறையில்
பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் என்பது
எனக்கு அன்றுதான் தெரியும்.

இந்தப் பக்கம் யாகூப் முறுக்க
அந்தப் பக்கம் ஜெபமணி ஸ்பேனர் பிடித்தாள்.
"போதுமா?" என்று இங்கிருந்து.
"இன்னும் அரைச் சுத்து" என்று அங்கிருந்து.
சுவர் நடுவில் பேசாமல் நின்றது.

இப்போது டிவி என் பக்கம் திரும்புகிறது.
தாளிக்கும்போது செய்தி,
இட்லி வேகும்போது சீரியல்.
அவர் கிரிக்கெட்டுக்கு இழுத்தால்
முனகாமல் அந்தப் பக்கமும் போகிறது.
வெளியே நீட்டியிருக்கும் போல்ட் முனையில்
ஜெபமணி சாவிக்கொத்தை மாட்டிவிட்டாளாம்.
நாங்கள் டிவியை இழுக்கும்போதெல்லாம்
அங்கே சாவி கிணுகிணுக்கிறதாம்.
காய்கறி வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறாள்.
என்னிடம் இல்லை.

மோட்டார் விஷயம் இன்னும் தீரவில்லை.
செவ்வாய்க்கிழமை என் முறை.
அவள் போட்டாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
டிவியை மட்டும்
கொஞ்சம் வேகமாக இழுத்தேன்.